காற்றைப் பார்த்துக் கொம்பு நடு

பறக்கிற பறவையைப் படம் பிடிக்கப் பழக வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது, ஷட்டரை எதில் வைக்க வேண்டும் என்றுதான். மைனா, கிளிக்கு 1/2000, சிட்டுக்குருவிக்கு 1/3200-க்கு மேல் என்று சொல்லிவிடுவேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு கேமராவைப் பையிலேயே விட்டுவிட்டு என்னோடு புறவாசலுக்கு வரச் சொல்வேன். துளி இலவம்பஞ்சைக் கையில் கொடுத்து, தோள் உயரத்திலிருந்து விடச் சொல்வேன். அது எந்தத் திசைக்குப் போகிறது என்று பார்த்து மனதில் வைத்துக்கொள்வதுதான் முதல் பாடம்.

பறவை இறங்குவதும் கிளம்புவதும் பெரும்பாலும் எதிர்காற்றில்தான். எதிர்காற்று இருந்தால் மெதுவாக வந்தாலும் சிறகுக்கு வேண்டிய காற்றோட்டம் கிடைத்துவிடும், விழாமல் இறங்கலாம். காற்றே இல்லாத நாளில் அது எந்தப் பக்கமிருந்தும் வரும். கொஞ்சம் வீசினால் போதும், வருகிற வழி ஏறக்குறைய ஒன்றாகிவிடும். படம் எடுக்கிறவனுக்கு அந்த ஒரு வழி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எங்கள் தென்காசிப் பக்கத்தில் இதைக் காற்றே சொல்லிக்கொடுத்துவிடும். ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கும், ஆவணி வரைக்கும் ஓயாது. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற அந்த மாதங்களில் குருவியும் மைனாவும் மேற்கே முகம் வைத்துத்தான் தீனித் தட்டில் இறங்கும். காலை வெயில் அப்போது வாலில் விழும், முகம் இருண்டு கிடக்கும். என்ன விலை லென்ஸ் மாட்டினாலும் கண்ணில் வெளிச்சப் பொட்டு வராது. ஆகவே சாரல் மாதங்களில் காலையில் நான் கேமராவைத் தொடுவதில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல், மேற்கு வெயில் முகத்தில் அடிக்கும்போது உட்காருவேன். ஆனி, ஆடியில் நம் தென்கோடியில் சூரியன் தலைக்கு வடக்கே சாய்ந்து போகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதனால் பறவைக்கு வடக்கே இருந்துகொண்டு தெற்கே பார்த்து எடுப்பேன். மார்கழி, தையில் எல்லாம் இடம் மாறும். வாடை வடகிழக்கிலிருந்து வரும், சூரியன் தென்கிழக்கே எழும். பறவைக்குத் தென்கிழக்கில் முக்காலியைப் போட்டால் காலை வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து போய், வருகிற பறவையின் விலா, சிறகு, கண் எல்லாவற்றையும் ஒரே சீராகத் துலக்கிக் காட்டும். வருஷத்தில் எனக்குப் பிடித்த வெளிச்சம் அதுதான்.

இதையெல்லாம் எனக்குப் பழக்கியவர் நான் தொழில் கற்ற ஸ்டூடியோ முதலாளி. அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். கல்யாண வேலை, பாஸ்போர்ட் படம், நெகட்டிவில் பென்சில் ரீடச் இவைதான் அவர் பிழைப்பு. கல்யாண ரோலில் மூன்று நாலு ஃபிரேம் மிஞ்சினால், கழுவப் போடுமுன் அதைப் புறவாசல் குருவிக்குச் செலவழிப்பார். அந்த மூன்று நாலு ஃபிரேமுக்காக அரை நாள் உட்காருவார். 1982-ல் வந்த நிக்கான் எஃப்எம்2, பின்னாளில் கைமாறி எங்கள் கடைக்கு வந்தது. 1/4000 வரைக்கும் ஓடுகிற ஷட்டர். ஆனால் 400 ஃபிலிமில் நல்ல வெயிலில்கூட 1/2000-க்கு எஃப் 8 மட்டுமட்டாகத்தான் கிடைக்கும். ஐ.எஸ்.ஓ.வைத் திருகிக் கூட்டிக்கொள்ளும் காலம் இல்லை அது. ஆகவே வெளிச்சம் முழுதாக விழுகிற இடத்துக்குப் பறவையை வரவைப்பதுதான் ஒரே வழி.

அவர் வியூஃபைண்டருக்குள் பார்த்து நான் கண்டதில்லை. கேமராவை ட்ரைபாடில் பூட்டி, கேபிள் ரிலீஸை உள்ளங்கையில் அடக்கி, கட்டைவிரலைப் பொத்தானின் தலையில் வைத்தபடி சுவர் நிழலில் நிற்பார். இரண்டு கண்ணும் பறவைமேல் இருக்கும். ரீடச் பென்சில் பிடித்துப் பழகிய கை, விரலைத் தவிர எதுவும் அசையாது. “லே, கேமராவுக்குள்ள பாத்தா குருவி வந்த பொறவுதான் தெரியும். வெளிய பாரு, வாரதுக்கு முன்னாடியே தெரியும்” என்பார். இன்றைக்கும் வீட்டுப் புறவாசலில் நான் எடுக்கும் படங்களில் பெரும்பாலானவை வயர் ரிலீஸில், வெளியே பார்த்தபடி எடுத்தவைதான்.

திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன்மேல் அண்ணாச்சிக்குத் தனி மதிப்பு. பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தனக்கு வேண்டியதைத் தானே பொருத்திக்கொண்டு, கறுப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களை எடுத்த மனிதர் அவர். புதுச் சாமான் வாங்கித் தரச் சொல்லி நாங்கள் நச்சரித்தால், அந்தப் பெயரை ஒரு தரம் சொல்லிவிட்டு அண்ணாச்சி வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

ஃபோகஸ் வைப்பதற்கு அவரிடம் ஒரு ஈர்க்கு இருந்தது, தென்னை ஈர்க்குத்தான். தீனித் தட்டுக்கு ஒரு சாண் முன்னால், பறவை வருகிற கோட்டில் அதை நட்டு, அதன் விளிம்பு துல்லியமாகத் தெரியும்வரை வளையத்தைத் திருப்பி, வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிட்டு, ஈர்க்கைப் பிடுங்கி மடியில் செருகிக்கொள்வார். இனிமேல் கேமரா அந்த இடத்தை மட்டும்தான் பார்க்கும். இந்த முறையின் அருமை கணக்குப் போட்டால் புரியும். 200 மி.மீ. லென்ஸ், மூன்று மீட்டர் தூரம், எஃப் 8. முழு ஃபிரேம் கேமராவில் துலக்கமாக விழும் ஆழம் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர். சிறிய சென்சார் என்றால் ஏழு, அதாவது நாலு விரற்கடை. சிட்டுக்குருவி இரண்டு சிறகையும் விரித்தால் ஒரு சாண் இருக்கும். அது நம்மை நோக்கி நேராக வந்தால் கண் கிடைக்கும்போது வால் கிடைக்காது. லென்ஸுக்குக் குறுக்கே போனால்தான் அலகிலிருந்து வால் வரை அந்த நாலு விரற்கடைக்குள் அடங்கும். கோட்டை நாம் வரைந்து வைக்க வேண்டும், பறவை அதன்மேல் வர வேண்டும்.

கோடு வரைவது கொம்பால். தட்டுக்கு நேராகப் பறவை வருவதில்லை. முதலில் எதிலாவது உட்கார்ந்து, பூனை இருக்கிறதா, ஆள் இருக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் வரும். அந்த உட்காரும் இடத்தை நாம் கொடுத்துவிட வேண்டும். தட்டுக்குக் காற்றடங்கும் பக்கம், அதாவது மேல்காற்று என்றால் தட்டுக்குக் கிழக்கே, பட்டையோடு கூடிய ஒரு கொய்யாக் கொம்பு நட வேண்டும். சுற்றிலும் உள்ள கொடிக்கம்பி, குழாய் முனை, துணி உலர்த்தும் கயிறு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது நம் கொம்பை மதிக்காது. நாலைந்து நாளில் பழகிவிடும்.

கொம்புக்கும் தட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். கிட்டே நட்டால் நல்ல படம் கிடைக்கும் என்று நினைத்து ஒன்றரை அடியில் நடுவார்கள். அந்தத் தூரத்தைக் குருவி சிறகை விரிக்காமலே தாவிக் கடந்துவிடும். படத்தில் எறிந்த கல் ஒன்றுதான் இருக்கும். நாலடி இருக்கட்டும். தட்டு கொம்பைவிட ஒரு முழம் உயரத்தில் இருக்கட்டும். கீழே இறங்கும் பறவை சிறகை மடக்கிக்கொண்டு சறுக்கி வந்துவிடும். மேலே ஏற வேண்டியிருந்தால் ஒவ்வொரு சிறகடியையும் முழுசாகப் போட்டாக வேண்டும். சிறகு உச்சியில் இருக்கும்போதும், அடியில் வந்து முன்னால் வளையும்போதும் இறகின் வரிசை ஒவ்வொன்றாகத் தெரியும். இந்த ஒரு முழ உயரத்தை அண்ணாச்சி எனக்குச் சொன்னது நான் சேர்ந்து வெகுகாலம் கழித்துத்தான். அதுவரைக்கும் என்னைத் தட்டுக்குத் தண்ணீர் மாற்றத்தான் விட்டிருந்தார்.

இறங்கும் படத்தைவிடக் கிளம்பும் படம் கஷ்டம். மனிதனின் கண் பார்த்து விரல் அசைய ஏறத்தாழ ஐந்தில் ஒரு விநாடி ஆகும். அதற்குள் குருவி ஃபிரேமைத் தாண்டி அடுத்த வீட்டுச் சுவரில் இருக்கும். ஆகவே பறப்பதைப் பார்த்து அழுத்தக் கூடாது, பறக்கப் போவதைப் பார்த்து அழுத்த வேண்டும். நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் குருவி உருண்டையாக இருக்கும். கிளம்ப நினைத்ததும் இறகெல்லாம் உடம்போடு ஒட்டி அது சட்டென்று மெலிந்துவிடும். தலை போகவேண்டிய திசைக்குத் திரும்பும். கால் மடங்கி வயிறு கொம்பைத் தொடும். வால் ஒரு தரம் தாழும். சிறகு திறப்பதற்கு முன்னால் கால்தான் உந்தித் தள்ளுகிறது. அந்தக் கால் மடங்கும் நேரத்தில் விரல் இறங்கிவிட வேண்டும். காக்கை, மைனா என்றால் இன்னொரு அடையாளமும் உண்டு. கிளம்புமுன் பெரும்பாலும் எச்சம் போட்டுவிட்டுத்தான் கிளம்பும்.

இப்போது வருகிற மிரர்லெஸ் கேமராக்கள் சிலவற்றில், பொத்தானை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய சில நொடித் துணுக்குகளையும் சேர்த்துப் பிடித்து வைக்கும் வசதி இருக்கிறது. நானும் பயன்படுத்துகிறேன். நல்ல வசதி, வேண்டாம் என்று சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் அது எலெக்ட்ரானிக் ஷட்டரில் ஓடுகிறது. சென்சாரை வரிவரியாக மெதுவாகப் படிக்கும் கேமராவில் அடிக்கிற சிறகு வளைந்து, கோணலாக விழும். வாங்குமுன் ஓடுகிற மேசை விசிறியை அதில் எடுத்துப் பாருங்கள். இறக்கை அரிவாள் மாதிரி வளைந்து தெரிந்தால் குருவிச் சிறகுக்கும் அதே கதிதான்.

எந்தப் பறவையில் தொடங்குவது? தவிட்டுக்குருவியில் தொடங்குங்கள். கூட்டமாகத்தான் வரும். ஒன்று கொம்பில் ஏறிப் பார்க்கும், தட்டுக்குப் போகும். அடுத்தது அதே கொம்பு, அதே வழி. பிறகு இன்னொன்று. முதலாவது தப்பினாலும் இரண்டாவதில் விரலைத் திருத்திக்கொள்ளலாம், மூன்றாவதில் படம் கிடைக்கும். பறப்பதும் நிதானம். உடம்பு மண் நிறம் என்பதால் எக்ஸ்போஷர் தொந்தரவும் இல்லை. அழகில்லை என்று பலர் இதை ஒதுக்குகிறார்கள். வெளிர்க் கண்ணும் விரிந்த வாலுமாக இறங்குகிற தவிட்டுக்குருவியை ஒரு தரம் சரியாக எடுத்துவிட்டால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மைனா எக்ஸ்போஷர் கற்றுக்கொடுக்கும். உட்கார்ந்திருக்கும்போது அதன் சிறகில் ஒரு சின்ன வெள்ளைக் கீற்றுதான் தெரியும். விரித்தால் ஒவ்வொரு சிறகிலும் பெரிய வெள்ளைத் திட்டு. உட்கார்ந்த மைனாவுக்கு அளந்த வெளிச்சத்தில் பறக்கும் மைனாவை எடுத்தால் அந்தத் திட்டு வெளிறிப்போய் இறகுக் கோடு ஒன்றும் மிஞ்சாது. முக்கால் ஸ்டாப் குறைத்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். காக்கைக்கு நேர்மாறு, ஒரு ஸ்டாப் கூட்டினால்தான் கறுப்புக்குள் இருக்கும் நீலப் பளபளப்பு வெளியே வரும். ஆட்டோவில் விட்டால் பின்னணியைப் பார்த்து கேமரா மாறிக்கொண்டே இருக்கும், மேனுவலில் பூட்டிவிடுங்கள்.

என் கைக்கு மிகவும் பழகியது கொண்டைக்குருவி. பப்பாளித் துண்டுக்கு வரும். இறங்கும்போது அதை நன்றாகக் கவனியுங்கள். தட்டுக்கு ஒரு முழம் இருக்கையில் உடம்பு நிமிர்ந்து ஏறக்குறைய செங்குத்தாகிவிடும். வால் விசிறியாக விரியும், கறுப்பு வாலின் நுனியில் இருக்கும் வெள்ளைக் கரை முழுதாகத் தெரியும். வாலடிச் சிவப்பும் அப்போதுதான் வெளிப்படும். சிறகின் முன் விளிம்பில், நம் கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில், சில சிறு இறகுகள் தனியே எழுந்து நிற்கும். மெதுவாக வரும்போது காற்று சிறகை விட்டு நழுவாமல் பிடித்துக்கொள்ள அவை. கால்கள் முன்னால் நீளும், விரல்கள் அகன்று திறக்கும். இவ்வளவும் கண் சிமிட்டும் நேரத்தில் நடந்து முடிந்துவிடும். வெறும் கண்ணுக்கு ஒரு நிழலாட்டம்தான். இதை முதன்முதலில் பிரின்ட் தட்டில், டெவலப்பருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வரும்போதுதான் பார்த்தேன். அன்றைக்கு அண்ணாச்சி கட்டைவிரல் இறகைப் பென்சில் முனையால் தொட்டுக் காட்டி, “இத வரைஞ்சா எவன் நம்புவான்?” என்றார்.

பின்னணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெள்ளையடித்த காம்பவுண்டுச் சுவர் எதிரி. வெயில் பட்டால் பறவையைவிட அது பளீரென்று நிற்கும். எங்கள் வீட்டில் தட்டுக்கு இருபது அடி தள்ளி வாழைக் கூட்டம் இருக்கிறது. எஃப் 8-லும் அது கரைந்து இளம் பச்சையாகிவிடும். வாழை இல்லாதவர்கள் பழைய சாக்குப் படுதாவைத் தொங்கவிடலாம், ஆனால் தட்டுக்குப் பத்தடியாவது தள்ளி, நிழலில். ஒளிந்துகொள்ளப் பெரிய ஏற்பாடு வேண்டாம். அடுக்களை ஜன்னலில் பழுப்பேறிய வேட்டியைக் கட்டி, லென்ஸ் நுழைய ஒரு ஓட்டை போட்டால் போதும். லென்ஸை எப்போதும் அங்கேயே விட முடியாது என்பதால், அதே கனத்தில் ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து அந்த ஓட்டையில் செருகி வைத்திருக்கிறேன். பறவைகளுக்கு அது வீட்டின் ஒரு பகுதி. காக்கை மட்டும் குழாய்க்கும் லென்ஸுக்கும் வித்தியாசம் கண்டுபிடித்துவிடும்.

தேன்சிட்டுக்கு ஃபிளாஷ் இல்லாமல் முடியாது. செம்பருத்திக்கு முன்னால் ஒரு கணம் அந்தரத்தில் நின்று சிறகடிக்கும்போது 1/4000-லும் சிறகு புகையாகத்தான் விழும். அதை நிறுத்துவது ஷட்டர் இல்லை, ஃபிளாஷ் மின்னுகிற நேரம். பவரைக் குறைக்கக் குறைக்க மின்னல் குறுகும். பல கையடக்க ஃபிளாஷ்களில் 1/32 பவருக்கு இறக்கினால் 1/20000 அளவுக்கு வந்துவிடும். ஷட்டர் 1/200-லேயே இருக்கலாம். பவர் குறைவென்பதால் இரண்டு ஃபிளாஷ்களைப் பூவுக்கு ஒன்றரை அடிக்குள் நிறுத்த வேண்டும், செடியும் நிழலில் இருக்க வேண்டும். வெயில் பட்டால் ஃபிளாஷ் பிடித்த உருவத்தின்மேல் வெயில் பிடித்த இன்னொரு உருவம் மங்கலாகப் படியும். வேகமான ஷட்டரோடு ஃபிளாஷ் ஓடும் ஹைஸ்பீடு சிங்கைப் போட்டு எடுத்துவிட்டு, சிறகு ஏன் நிற்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. அதில் ஃபிளாஷ் ஒரே மின்னலாக அடிக்காமல் தொடர்ந்து துடித்துக்கொண்டிருக்கும், குறுகிய மின்னலின் பலன் போய்விடும். மூன்றாவது ஃபிளாஷ் ஒன்றைப் பின்னால் இருக்கும் இலைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பகலில் பறக்கும் தேன்சிட்டு நள்ளிரவில் பறப்பதாகத் தெரியும். சர்க்கரைத் தண்ணீர் வைத்து அதை இழுக்க எனக்கு இஷ்டமில்லை. ஒரு செம்பருத்தியும் ஒரு இட்லிப்பூச் செடியும் வைத்தால் தானே வரும்.

எல்லாச் சிறகையும் இறுக்கி நிறுத்திவிட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு முன்பு இருந்தது, இப்போது இல்லை. கண் துலக்கமாக இருந்து சிறகு நுனி மட்டும் சற்றே ஓடியிருந்தால் அந்தப் படத்தை நான் வைத்துக்கொள்வேன். கிளிக்கு 1/1000 வைத்தால் அப்படி விழும். மழை மேகம் போட்ட நாளில் வேறு வழியும் இல்லை.

தீனியைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைச் சொல்ல முடியாது. காக்கைக்கு ஒரு பிடி வைத்துவிட்டுச் சாப்பிடுகிற வீடுகள் நம்முடையவை. புறவாசல் தட்டு நமக்குப் புதிதில்லை. ஆனால் படத்துக்காகத் தட்டை நிரப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். உப்புப் போட்ட மிச்சச் சோறு, பிஸ்கட், மிக்சர் எதுவும் கூடாது. கம்பு, தினை, உடைத்த அரிசி, பழம், இவை போதும், அதுவும் ஒரு வேளைக்குத் தீர்கிற அளவு. மழையில் நனைந்த தானியத்தில் பூசணம் பிடிக்கும், அன்றன்றைக்குத் தட்டைத் தட்டிக் கழுவிவிட வேண்டும். தண்ணீர்ச் சட்டி ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல் போட்டுவிடுங்கள். தட்டைச் சுற்றிப் பூனை பதுங்கும் புதர் இருக்கக் கூடாது. பக்கத்தில் பெரிய கண்ணாடி ஜன்னல் இருந்தால் அதில் திரை போடுங்கள், கிளம்புகிற வேகத்தில் மோதிச் செத்துப்போகும். கூடு கட்டியிருக்கும் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. புறாக் கூட்டம் சேர்ந்து சின்னக் குருவிகளை நெருங்க விடவில்லை என்றால் சில நாள் தட்டையே எடுத்துவிடுவேன். படம் நிற்கும், நிற்கட்டும்.

தட்டைவிட நல்ல ஏற்பாடு கதிர்க்குஞ்சம். நெற்கதிரைப் பின்னி வாசல் நிலையில் தொங்கவிடும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. சிட்டுக்குருவியும் புள்ளிச் சில்லையும் அதைத் தேடி வரும். பற்றிக்கொள்ள வசதி குறைவு என்பதால் கதிரில் தொங்கியபடியே சிறகை அடித்துக்கொண்டு நெல்லைக் கொத்தும். இறங்கும் படம், கிளம்பும் படம், நடுவில் அந்தரப் படம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். காற்றில் ஆடி ஃபோகஸ் கெடாமல் இருக்க, குஞ்சத்தின் அடியிலும் ஒரு நூலைக் கட்டிக் கீழே ஒரு செங்கல்லில் முடிந்துவிட வேண்டும். வாசல் நிலையிலிருந்து அதைக் கழற்றிப் புறவாசல் பந்தல் காலில், நான் சொன்ன காற்றுக் கணக்குப்படி மாட்டுங்கள். தாமிரபரணிப் பாசனத்தில் பிசான அறுப்பு மாசி, பங்குனியில் வரும், கார் அறுப்பு புரட்டாசியை ஒட்டி வரும். அறுக்கிற வயலில் கேட்டால் நாலு கட்டுக் கதிர் கொடுப்பார்கள். நன்றாக உலர்த்தி, எலி எட்டாத உயரத்தில், புகைபடாத நிழலில் தலைகீழாகக் கட்டி வையுங்கள். பங்குனியில் வாங்கியது சாரல் மாதங்களுக்கு ஆகும், புரட்டாசியில் வாங்கியது தைக்கு ஆகும்.